எந்த வீட்டு ஆள்? - கண்டிக்குப் போன உறவுகளைத் தேடி

1

ராசிபுரம் வட்டாரத்துச் சேரிகளில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வம்சம் கேட்டாலும், மூன்றாவது தலைமுறைக்குப் போவதற்குள் ஒரு வாக்கியம் வந்துவிடும்: "அவிங்க கண்டிக்குப் போயிட்டாங்க." அத்தோடு பேச்சு நின்றுவிடும். கண்டி என்றால் இங்கே கண்டி நகரம் இல்லை. ஹட்டன், நுவரெலியா, பதுளை, மாத்தளை எல்லாமே கண்டிதான், கண்டிச்சீமைதான். செத்தவர்களைச் சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொல்வார்கள். ஆனால் செத்தவருக்குக் கருமாதி உண்டு. கண்டிக்குப் போனவருக்கு அதுவும் கிடையாது.

ஊர்த்தெருவில் கதை வேறு. அங்கே வம்சம் சொல்ல நிலப்பட்டா இருக்கிறது, கிரயப் பத்திரம் இருக்கிறது, கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்ற வரிசை இருக்கிறது, குலகுரு வைத்திருக்கும் ஏடு இருக்கிறது. நிலத்தோடு சேர்ந்து பெயரும் பிள்ளைக்குப் போகிறது. நிலமில்லாதவன் பெயர் யார் கணக்கில் ஏறும்? கடன் கொடுத்தவன் கணக்கில் ஏறும். ஆள் பிடித்த கங்காணி கணக்கில் ஏறும். பிறகு சர்க்கார் கணக்கில் ஏறும். மூன்றுமே நம்மைப் பற்றி மற்றவர்கள் தங்கள் தேவைக்கு எழுதிக்கொண்டவை.

தலித் வரலாறு எழுத வேண்டும் என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் தொலைந்த உறவுகளைத் தேடுவதை மட்டும் அவரவர் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். என் குடும்பத்தில் பார்த்த வரைக்கும் அது வீட்டு விவகாரம் அல்ல. உறவு தானாக அறுந்துபோகவில்லை. இன்னின்ன வருசத்தில், இன்னின்ன சட்டத்தால், இன்னின்ன ஏற்பாட்டால் அறுக்கப்பட்டது. அதைத் திரும்ப முடிச்சுப் போடப் போகிறபோதும் சாதியும் சர்க்காரும் குறுக்கே வந்து நின்றன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

தாது வருசப் பஞ்சம் என்று எங்கள் கிழவிகள் சொல்வது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சம். சேலம் ஜில்லா அதில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. 1871 குடிக்கணக்கில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த ஜில்லா மக்கள்தொகை, 1881 கணக்கில் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. பெருகியிருக்க வேண்டிய பத்து வருசத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் குறைவு. செத்தவர் எத்தனை, ஊரைவிட்டு ஓடியவர் எத்தனை என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்வதில்லை. எந்தத் தெருவில் அதிகம் குறைந்தது என்பதை யாரும் சொல்லாமலே நமக்குத் தெரியும். குதிரில் தானியம் இருந்தவன் பஞ்சத்தைத் தாண்டினான். பண்ணையத்துக்கு இருந்தவன் தாண்டவில்லை.

இந்தப் பக்கம் மேட்டுக்காட்டு மண். போதமலைக்கும் கொல்லிமலைக்கும் அடியில் சோளம், கம்பு, ஆமணக்கு. மழை பொய்த்தால் முதலில் நிறுத்தப்படுவது பண்ணையத்தாளின் படி. கலியாணத்துக்கோ சாவுக்கோ வாங்கின பத்து இருபது ரூபாய்க்குத் தலைமுறையாக உழைக்கிற ஆள் அவன். அவனிடம்தான் கங்காணி வந்தான். "பண்ணாடி பத்த நான் தீத்துடறேன், நீ என்னோட வா" என்பது அவன் சொன்ன பேச்சு. பழைய கடன் தீர்ந்தது உண்மை. புதுக் கடன் கங்காணி பேரில் ஏறியதும் உண்மை.

இலங்கை மலைகளில் 1830களிலிருந்து காப்பித் தோட்டம் பரவியது. காப்பிக்குப் பழம் பறிக்கிற சில மாதங்களுக்குத்தான் ஆள் நிறைய வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் போனவர்களில் பெரும்பாலோர் போய்ப் போய்த் திரும்பினார்கள். கடற்கரைவரை நடந்து, தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிழைத்தவர்கள் அறுவடைக்கு ஊர் வந்தார்கள். உறவு அறாமல் இருந்தது.

1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருசத்துக்குள் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்து வருசம் முழுக்கத் துளிர்க்கும். வருசம் முழுக்க ஆள் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். ஆகவே தனி ஆள் போதாது, குடும்பமே வேண்டும் என்றாயிற்று. லயத்தில் பிள்ளை பிறந்தது, லயத்திலேயே வளர்ந்தது, அதுவும் கொழுந்துக்குப் போயிற்று. திரும்பி வருகிற வழக்கம் இப்படித்தான் அற்றது. நம் உறவை முதலில் அறுத்தது மனித மனசு இல்லை, பயிர் மாறியதுதான்.

3

கடல் கடந்து போன எல்லாருக்கும் இந்தக் கதி இல்லை. 1860இலிருந்து 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அந்தக் கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயசு, சாதி, ஊர், ஜில்லா, உடம்பில் உள்ள மச்சம், தழும்பு எல்லாம் எழுதப்பட்டன. எழுதியவனுக்கு நம்மேல் பாசம் இல்லை. ஓடிப்போனால் பிடிப்பதற்கு அடையாளம் வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. டர்பனில் வாழும் ஒரு பேரன் தன் பாட்டன் எண்ணைப் பிடித்து அவன் ஊரைக் கண்டுபிடித்துவிட முடிகிறது.

இலங்கைக்குப் போனது ஒப்பந்த முறையில் இல்லை, கங்காணி முறையில். அதைச் சுதந்திரமான முறை என்று தோட்டத்துரைமார் பெருமை பேசினார்கள். அங்கே காகிதம் என்றால் 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து ஆள் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், அவன் தலையில் இருக்கும் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று எழுதிக் கொடுக்கிற சீட்டு. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இன்னொன்று தகர வில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் குத்திய தகரத் துண்டு. கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டும். பொட்டலம் போய்ச் சேர வேண்டிய விலாசம் அது.

கவனித்துப் பாருங்கள். துண்டில் கடன் இருக்கிறது, வில்லையில் போய்ச் சேரும் தோட்டம் இருக்கிறது. புறப்பட்ட ஊர் இரண்டிலும் இல்லை.

போன ஊரிலும் சாதி விடவில்லை. போனவர்களில் பறையர், பள்ளர், சக்கிலியர்தான் மிகுதி. பெரிய கங்காணிகளில் பலர் மேல்சாதியினர். குடியானவர்களுக்கு ஒரு லயம், நம்மவர்களுக்கு வேறொரு லயம். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுகிற கங்காணி ஊரில் என்ன முறையில் கூப்பிட்டானோ அதே முறையில்தான் அங்கும் கூப்பிட்டான்.

4

என் அப்பாவின் பெரியப்பாவும் பெரியம்மாவும் 1920களின் கடைசியில் போனார்கள். அக்காவும் தங்கையும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். அக்காளைப் பெரியவருக்குக் கட்டினார்கள், தங்கையை - என் ஆயாவை - என் தாத்தாவுக்கு. அதனால் ஆயா கடைசிவரை சொல்லிச் சொல்லி அழுதது மூத்தாருக்காக இல்லை, கூடப் பிறந்த அக்காளுக்காக.

அப்போது ரயில் வந்துவிட்டது. 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறந்த பிறகு, மண்டபம் முகாமில் வைத்துக் குளிப்பாட்டி, துணியை ஆவியில் போட்டெடுத்து, நோய் இல்லை என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். போன பிறகு இரண்டு கடிதம் வந்ததாம். கடிதம் எங்கே வரும்? சேரிக்குத் தபால்காரர் வரமாட்டார். இன்னார் பண்ணையம், இன்னார் வீட்டு ஆள் என்று ஊர்த்தெரு வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். பண்ணாடி வீட்டு வாசலில் நின்று, அந்த வீட்டுப் படித்த பிள்ளை வாசிக்கக் கேட்க வேண்டும். "எல்லாரு முன்னாடியும் எங்கக்கா கஷ்டத்த அந்தப் பையன் படிச்சான்டா சாமி, எனக்கு மானமே போச்சு" என்று ஆயா சொல்லும். இரண்டுக்குப் பிறகு கடிதம் வரவில்லை. பிற்பாடு என் தாத்தா அந்தப் பண்ணையத்திலிருந்து வேறு பண்ணையத்துக்கு மாறிவிட்டார். விலாசம் என்று ஒன்று இருந்தது, அதுவும் போயிற்று.

மேலே இருந்த சர்க்கார்கள் மிச்சத்தைச் செய்து முடித்தன. 1939 ஆகஸ்டில் இலங்கைக்குக் கூலியாட்கள் போவதை இந்திய சர்க்கார் தடுத்தது. அதன்பின் ஊரிலிருந்து புதிதாகப் போகிறவர் வாயில் சேதி போகும் வழியும் இல்லை. 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தான் என்று காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது காகிதம்? சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் ஓட்டும் போனது. பாஸ்போர்ட், விசா என்று வந்த பிறகு, ஊருக்கு ஒரு நடை வந்து போகலாம் என்ற ஆசையும் அடைபட்டது. நாடில்லாதவன் எந்த பாஸ்போர்ட்டைக் காட்டுவான்?

1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் பேசி ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பாகப் பிரிவினையில் மாடு பிரிக்கிற மாதிரி. பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிளந்தன. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு வந்த ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். 1984இல் கப்பல் நின்றுபோவதற்குள், ஒப்பந்தத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளோடு சேர்த்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கரைக்கு வந்துவிட்டார்கள்.

இதைச் சர்க்கார் 'தாயகம் திரும்புதல்' என்றது. வந்தவர்களில் மிகப் பலர் இந்த மண்ணை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

5

எங்கள் பெரியாயாவின் மகன், எனக்குச் சித்தப்பா முறை, 1935 வாக்கில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1973இல் மனைவி, மூன்று பிள்ளைகளோடு ராமேஸ்வரத்தில் இறங்கினார். கையில் குடும்ப அட்டை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சொந்த ஊர் என்ற இடத்தில் தகப்பனார் சொல்லி மனப்பாடமாக இருந்ததை எழுதியிருந்தார்: சேலம் ஜில்லா, ராசிபுரம், அதற்குக் கீழே ஒரு சிற்றூர்ப் பெயர். தோட்டத்துத் தமிழில் உருமாறி, நாலெழுத்து மூன்றெழுத்தாகச் சுருங்கிப்போன பெயர்.

குடும்பத்தை முகாமில் விட்டுவிட்டு அவர் தனியாக ஊர் தேடி வந்தார். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் விசாரித்து, எப்படியோ சரியான ஊரிலேயே இறங்கிவிட்டார். பஸ் நின்றது ஊர்த்தெருவில். தகப்பனார் சொல்லிக் கொடுத்த அடையாளம் ஒன்றே ஒன்றுதான்: இன்னார் வீட்டுப் பண்ணையத்தாள். அந்த வீட்டைத் தேடிப் போய் வாசலில் நின்று, உங்க வீட்டு ஆளோட மகனுங்க நான், கண்டியில இருந்து வர்றேன் என்றிருக்கிறார். வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "அந்த ஆளுங்க இப்ப நம்மகிட்ட இல்லியேப்பா" என்றிருக்கிறார்.

அவர் சொன்னது பொய் இல்லை. நாங்கள் அவர்களிடம் இல்லை. பண்ணையத்தை விட்டு முப்பது வருசம் ஆகியிருந்தது. ஆனால் ஊரில் இருந்தோம். அந்த வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் சேரி. அன்றைக்கு என் ஆயா உயிரோடு இருந்தது. 'நம்மகிட்ட இல்லை' என்றால் உலகத்திலேயே இல்லை என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. நம் மனிதர்களுக்கு விலாசமே எஜமான் பேர்தான் என்றிருந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். எஜமானை விட்டு வெளியே வந்தவனுக்கு விலாசம் இல்லாமல் போகிறது. விடுதலையான குடும்பம் தொலைந்த குடும்பம் ஆகிவிடுகிறது. அந்த வாசலில் கேட்ட கேள்வியால் இருபத்தொரு வருசம் போயிற்று. ஆயா 1990இல் செத்துப்போனது.

1994இல் தாயகம் திரும்பியோர் பட்டா கேட்டு நடத்திய ஒரு கூட்டத்துக்காக நான் கோத்தகிரிக்குப் போயிருந்தேன். வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கார் கொடுத்தது வியாபாரக் கடன். கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் மட்டுமே தெரிந்தவனுக்குக் கடை வைக்கக் கடன். அது சீக்கிரமே கரைந்துவிடும். பிறகு தெரிந்த வேலையைத் தேடி நீலகிரிக்கு ஏறினார்கள். கொஞ்சம் பேருக்கு இவர்களுக்காகவே சர்க்கார் தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் தனியார் தோட்டங்களில், காய்கறிக் காடுகளில். கொடைக்கானல் மலையில் கூப்பு வேலைக்குப் போய்க் கொத்தடிமையானவர்களும் உண்டு.

கூட்டம் முடிந்து டீ குடிக்கிறபோது, யார் யாருக்கு எந்த ஊர் என்று பேச்சு வந்தது. ஒருவர் சேலம் ஜில்லா, ராசிபுரம் என்றார். எந்த வீட்டு ஆள் என்று நான் கேட்கவில்லை. உங்கம்மா ஒப்பாரியில் யார் யார் பேரைச் சொல்லி அழும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சொன்னார். நாலு அக்கா தங்கச்சி பேர், வயசு வரிசையில். பிறந்த ஊர், அந்த ஊரில் ஒரு கிணறு, குலதெய்வத்தின் பெயர். என் ஆயா ஒவ்வொரு சாவு வீட்டிலும் வரிசை மாறாமல் சொல்லி அழுத அதே நாலு பேர். அதில் மூன்றாவது பேர் என் ஆயாவுடையது.

"தம்பி, அது எங்க சின்னம்மா பேரு" என்றார் அவர்.

"எங்க ஆயா பேருங்க" என்றேன்.

படிக்கத் தெரியாத இரண்டு பெண்கள், நடுவில் கடலை வைத்துக்கொண்டு, அறுபது வருசம் ஒரே பட்டியலை வைத்திருந்தார்கள். கங்காணி கணக்கிலும் துரை செக்ரோலிலும் இல்லாத ஊர்ப்பெயர் அதில் இருந்தது. ஆண்கள் வழி வந்த அடையாளம் எஜமான் பெயர். அது சித்தப்பாவைச் சேரிக்கு வெளியே நிறுத்தித் திருப்பி அனுப்பியது. பெண்கள் வழி வந்த அடையாளம் சாவுப் பாட்டு. அது வீடு கொண்டுவந்து சேர்த்தது. ஒப்பாரியை நாட்டுப்புற இலக்கியம் என்று தொகுக்கிற நண்பர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: அது இலக்கியம் மட்டும் இல்லை, நம் பதிவேடு.

6

உறவைக் கண்டுபிடித்ததோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. சித்தப்பா ஊருக்கு வருகிறார் என்றதும் எங்கள் வீட்டில் முதலில் எழுந்தது சந்தோசம். இரண்டாவது எழுந்தது பயம். எங்கள் மொத்தச் சொத்து நத்தத்தில் இரண்டரை சென்ட் வீட்டு மனை. "பெரியவரு வாரிசு வந்து பங்கு கேட்டா என்னடா பண்றது?" என்று அப்பாவின் தம்பி கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது ஏக்கர் இருக்கிறவனுக்குத் தொலைந்த அண்ணன் மகன் வந்தால் அது விருந்து. இரண்டரை சென்ட்காரனுக்கு அது வழக்கு. தாயகம் திரும்பி ஊர் தேடிப் போன பலரை உறவுக்காரர்கள் ஏற்கவில்லை என்று மேலோட்டமாக எழுதுகிறார்கள். ஏற்க முடியாமல் செய்தது எது என்று எழுதுவதில்லை.

சித்தப்பாவே அந்தப் பேச்சை எடுத்தார். "எடம் ஒண்ணும் வேணாம். எனக்கு ஒரு கையெழுத்துதான் வேணும்" என்றார்.

அவர் பேத்தி பன்னிரண்டாவது முடிக்கப் போகிறாள். மேலே படிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அவர் இருந்த பகுதியில் ஒரு வருவாய் அலுவலகத்தில் கேட்டதற்கு, தாயகம் திரும்பியவர் என்று தருகிறோம், ஆதிதிராவிடர் என்று எப்படித் தருவது, ஊரில் விசாரித்து வம்சாவளி கொண்டுவா என்று சொல்லிவிட்டார்கள். சாதிப் பட்டியல் 1950 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவர் ஆணையாக வந்தது. அந்த நாளில் நீயோ உன் தகப்பனோ எந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருந்தீர்கள் என்பதை வைத்துத்தான் சான்றிதழ். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டபோது சித்தப்பா சொன்ன பதிலை அவர் வாயாலேயே கேட்டேன்: "ஐயா, அந்த வருசம் நாங்க எந்த நாட்டுலயும் இல்லீங்க."

அது பேச்சுக்குச் சொன்னது இல்லை, சட்டப்படி சரியான பதில். 1948க்குப் பிறகு அவர்கள் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. அப்போதும் பறையர் லயத்தில்தான் குடியிருந்தார்கள். நாடு இல்லாத காலத்திலும் சாதி இருந்தது. சாதி வேண்டாத இடத்தில் கூடவே வந்தது. உரிமைக்கு வேண்டும் என்று கேட்கிறபோது ஆதாரம் கேட்கிறது. எங்கள் வம்சத்தில் சாதியைக் கேட்டு வாங்க ஊர் வந்த முதல் ஆள் அவர்தான்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. தோட்டத்தில் வேதத்தில் சேர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. அண்ணன் குடும்பம் இந்து, தம்பி குடும்பம் கிறிஸ்தவம். இந்தக் கரையில் இறங்கியதும் அண்ணன் பட்டியல் சாதி, தம்பி பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஒரே லயத்தில் ஒரே அவமானத்தைப் பட்டவர்கள் இங்கே இரண்டு சாதியாகிறார்கள்.

என் அப்பாவும் அவர் தம்பியும் கிராம நிர்வாக அலுவலர் முன் வம்சாவளியில் கையெழுத்துப் போட்டார்கள். தகப்பன் பெயர், பாட்டன் பெயர், கண்டிக்குப் போன பெரியவர் பெயர். அவர் பெயர் இந்த ஊர்க் காகிதம் ஒன்றில் ஏறியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. மூன்று முறை அலைந்த பிறகு 1996இல் சான்றிதழ் வந்தது. பேத்தி நர்சிங் படித்தாள்.

ஊரில் இருந்த நாட்களில் சித்தப்பாவைக் கடைத்தெரு டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். அப்போது எங்கள் பக்கம் இரட்டைத் தம்ளர் இருந்தது. நம்மவர்களுக்கு வெளியே தனி தம்ளர், நாமே கழுவி வைக்க வேண்டும். அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. "தோட்டத்துல கங்காணி அடிப்பான், தொரை வைவான். ஆனா டீத்தண்ணிய இப்படி யாரும் குடுத்ததில்ல. அதுவும் நாங்க பறிச்ச தேயில" என்றார். டீ குடிக்காமலே திரும்பினோம். லயத்தில் சாதி இல்லாமல் இல்லை, அதை மேலேயே சொன்னேன். ஆனாலும் எஜமானின் நிலத்துக்குள்ளேயே அவன் சாதி மரியாதைக்குள்ளேயே வாழ்ந்தவர்களுக்கு மரத்துப்போனது, வெளியே பிறந்தவருக்கு மரத்துப்போகவில்லை. தொலைந்த உறவு திரும்ப வந்து நம் வீட்டுக்குள் கொண்டுவருகிற பொருள் இதுதான். அந்த வருசம் எங்கள் தெருப் பையன்கள் அந்தத் தம்ளர் பிரச்சினையைக் கையில் எடுத்ததற்குச் சித்தப்பாவின் பேச்சும் ஒரு காரணம்.

7

இதெல்லாம் முடிந்துபோன கதை என்று மாணவ நண்பர்கள் நினைக்கக்கூடும். முடியவில்லை. 1958, 1977 கலவரங்களில் மலையகத்திலிருந்து வன்னிப் பக்கம் ஓடி, 1983க்குப் பிறகு அங்கிருந்து அகதிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் இன்றைக்கும் முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களின் பாட்டன்மார் ஊர், முகாமிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருக்கும். ஆனால் சட்டத்தின் முன் அவர்கள் அந்நியர்கள். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இப்படிப்பட்ட மலையக வம்சாவளியினர் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே வருசம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சில மதத்தினரைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை. இந்த நிலையில், இன்னாருடைய பாட்டன் எங்கள் ஊரில் பிறந்தவர் என்று நம் சேரியிலிருந்து ஒருவர் எழுந்து சாட்சி சொன்னால் அது வெறும் பாசம் இல்லை, ஒருவருக்கு நாடு கிடைக்கிற விவகாரம்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் சில வேலைகளைக் கேட்கிறேன். உங்கள் தெருவில் எண்பது தாண்டிய பெண்கள் இருந்தால் அவர்களிடம் உட்காருங்கள். கண்டிக்குப் போனவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு ஒரு வரிதான் பதில் வரும். யார் யார் பேர் சொல்லி அழுவீர்கள் என்று கேளுங்கள். வந்த பெயர்களை அவர்கள் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள், நீங்களாகத் திருத்த வேண்டாம். ஊர்ப்பெயரை அவர்கள் உச்சரிக்கிறபடியே எழுதுங்கள், அந்த உச்சரிப்பில்தான் கடலுக்கு அந்தப் பக்கமும் அது வாழ்கிறது. குலதெய்வம், கிணறு, கங்காணியின் பெயர், தோட்டத்தின் தமிழ்ப் பெயர், எந்தப் பண்ணையத்திலிருந்து எப்போது விலகினோம் என்பது, எல்லாவற்றையும் குறியுங்கள். தாயகம் திரும்பிய குடும்பங்களில் பழைய குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் தகரப் பெட்டிக்கடியில் கிடக்கும். செல்லாத காகிதம் என்று எறிந்துவிடாமல் படம் எடுத்து வையுங்கள். சொந்த ஊர் என்று நிரப்பிய அந்த ஒரு வரிக்காகவே அது பத்திரமாக இருக்க வேண்டும்.

முகாம்களுக்கும் நீலகிரிக்கும் போகிறவர்கள் இந்தப் பெயர்களைக் கையோடு எடுத்துப்போங்கள். அங்கே யாராவது சேலம் ஜில்லா என்று சொன்னால், சாதியையோ பண்ணையத்தையோ கேட்டு அடையாளம் பிடிக்க வேண்டாம். எஜமான் வீட்டு வாசல் வழியாக இனி நம் உறவைத் தேட வேண்டியதில்லை.

என் ஆயாவின் நாலு பேர் பட்டியலில் இரண்டாவது பெயருக்கு உரியவர், நடு அக்கா, மலாயாவுக்குப் போனதாகச் சொல்வார்கள். அந்தப் பெயரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.